பாவாடை கட்டிய லாரியும் இஞ்சின் இல்லாத வண்டியின் புகையும்

இஞ்சினே இல்லாத ஒரு வண்டி காற்றை மாசுபடுத்துமா? சின்னப் பசங்க கேக்குற கேள்வி மாதிரி இருக்கு இல்லையா? ஆனா இதே கேள்வியை வச்சு அமெரிக்காவில் வக்கீல்கள் ஏறக்குறைய அஞ்சு வருஷம் வாதாடியிருக்காங்க. 2016 டிசம்பரில் போட்ட வழக்குக்கு 2021 நவம்பரில்தான் தீர்ப்பு வந்தது. கலிஃபோர்னியா மாநிலமோ அதுக்கு ரொம்ப முன்னாடியே, 2008-லேயே, "ஆமா, மாசுபடுத்தும்"னு முடிவு பண்ணி விதியே போட்டாச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

அமெரிக்க நெடுஞ்சாலையில் போனவங்க கவனிச்சிருப்பீங்க. பெரிய லாரிகளின் பின்பெட்டிக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தை மறைச்சு, ரெண்டு பக்கமும் ஒரு நீளமான தகடு தொங்கும். அதுக்கு அங்கே பேரே 'ஸ்கர்ட்'தான். பாவாடை! லாரிக்கு எதுக்குப் பாவாடை என்பதில்தான் விஷயமே இருக்கு.

முதலில் வண்டியைப் புரிஞ்சுக்கணும். நம்ம ஊரில் நாமக்கல் பக்கம் கேஸ் ஏத்திட்டுப் போற பெரிய டேங்கர்களை நினைச்சுக்கோங்க. இழுக்கிற தலை தனி, பின்னாடி வர்ற உடம்பு தனி. தேவைப்பட்டா கழட்டி விட்டுட்டு தலை மட்டும் வேற வேலைக்குப் போயிடும். அமெரிக்காவில் அந்தத் தலைக்கு டிராக்டர் என்று பெயர் (வயல் உழுகிறது இல்லை), உடம்புக்கு டிரெய்லர். இப்போ அங்கே அதிகம் ஓடுவது 53 அடி நீளப் பெட்டி. இந்தப் பதிவில் தலையை இழுவை வண்டி என்றே சொல்லிடறேன், குழப்பம் வராது.

இந்த டிரெய்லரின் பிறப்பே சுவாரசியமானது. 1914-ல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்று ஒரு கொல்லர். குதிரை வண்டி செய்கிறவர். அவர்கிட்ட ஒரு மர வியாபாரி வந்து, ஃபோர்டு மாடல் டி காருக்குப் பின்னாடி படகை வச்சு இழுத்துட்டுப் போக ஒரு வண்டி செஞ்சு தரச் சொன்னார். செஞ்சு கொடுத்தார். நல்லா இருக்கே என்று அந்த வியாபாரி மரம் ஏத்தவும் அதே மாதிரி கேட்டார். அப்படித்தான் செமி-டிரெய்லர் வந்தது. அதாவது குதிரை இருந்த இடத்தில் மோட்டார் வந்து உட்கார்ந்துடுச்சு. பின்னால் இருந்த வண்டி மட்டும் வண்டியாகவே இருந்துவிட்டது. சட்டமும் அதை அப்படித்தான் ரொம்ப காலம் பார்த்தது. நூறு வருஷம் கழிச்சு வந்த வழக்கின் வேர் இங்கேதான் இருக்கு என்பது என் எண்ணம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கறி, கோழி, காய், பழம் ஏத்துற பெட்டிக்கு முன்னெல்லாம் ஐஸ் கட்டியும் உப்பும்தான். 1938 வாக்கில் மின்னியாபொலிஸில் ஜோசப் நூமெரோ என்ற தொழிலதிபரும், ஃப்ரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளரும் சேர்ந்து லாரிக்கே ஒரு குளிர்சாதனம் செய்தார்கள். ஜோன்ஸ் பெரிசா பள்ளிக்கூடம் போனவர் இல்லை, கைவேலையிலேயே கத்துக்கிட்டவர். தெர்மோ கிங் கம்பெனி பிறந்தது அப்படித்தான். அவர் இறந்து முப்பது வருஷம் கழிச்சு, 1991-ல், அமெரிக்க அரசு தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தது. ரொம்ப லேட்டு, வழக்கம்போல.

குளிர்பெட்டிக்கு அங்கே ரீஃபர் என்று பேர். அதன் நெத்தியில் ஒரு சின்ன டீசல் இஞ்சின் உட்கார்ந்திருக்கும். லாரி நின்னாலும் அது நிக்காது. நின்னா உள்ளே இருக்கிற ஸ்ட்ராபெர்ரி காலி. ஆக டிரெய்லர் ரெண்டு ஜாதி: இஞ்சினே இல்லாத காய்ஞ்ச பெட்டி, வண்டியை ஓட்டாத இஞ்சின் வச்ச குளிர்பெட்டி. கலிஃபோர்னியா ரெண்டையும் பிடிச்சது, வேற வேற கயிறு போட்டு.

ஏன் கலிஃபோர்னியா? ஒரு மாநிலத்துக்கு மட்டும் ஏன் இந்த அதிகாரம்? அதுக்கு லாஸ் ஏஞ்சலஸ் போகணும்.

1943 ஜூலை 26. இரண்டாம் உலகப்போர் நேரம். நகரத்தை ஒரு புகைமூட்டம் மூடியது. மூணு தெரு தாண்டி எதுவும் தெரியலை, கண்ணு எரியுது, தொண்டை கரகரக்குது. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டான் என்று ஜனங்க பயந்தாங்க. அப்புறம் அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்கான பியூட்டடையீன் செய்கிற ஆலைதான் காரணம் என்று அதை மூடச் சொன்னாங்க. மூடினாங்க. புகை போகலை.

புதிரை அவிழ்த்தவர் கால்டெக்கில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மித், நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார் மனுஷன்! அதே முறையில் ஊர்க் காற்றைப் பிடித்து வடித்துப் பார்த்தார். 1950-களின் தொடக்கத்தில் விஷயம் தெளிவானது. வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோன் ஆகுது. ஊரில் ரப்பர் சாமான்கள் வெடிச்சுப் போனதற்கும் அதுதான் காரணம். எண்ணெய்க் கம்பெனிகள் காசு கொடுத்து நடத்திய ஆய்வுகள் அவரை மறுத்தன. அவர் விடலை.

1967-ல் அன்றைய கவர்னர் ரொனால்டு ரீகன் கையெழுத்துப் போட்டு கலிஃபோர்னியா காற்று வள வாரியம் உருவானது. கார்ப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் முதல் தலைவர் அதே ஹாகன்-ஸ்மித். அதே வருஷம் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வண்டிப்புகைக்கு நாடு முழுக்க ஒரே விதி, மாநிலங்கள் தனியா விதி போடக்கூடாது என்பது கார்க் கம்பெனிகளின் ஆசை. மிச்சிகன் எம்.பி. ஜான் டிங்கல் அதுக்காக முட்டி மோதினார். கலிஃபோர்னியாவின் ஜார்ஜ் மர்ஃபி எதிர்த்து நின்னார். முடிவில் எல்லா மாநிலத்துக்கும் தடை, கலிஃபோர்னியாவுக்கு மட்டும் விலக்கு என்று ஆனது. ஏற்கனவே தனக்கென்று விதி வைத்திருந்த ஒரே மாநிலம் என்பதால் கிடைத்த சலுகை. ஆனா சும்மா கிடையாது. ஒவ்வொரு முறையும் மத்திய அரசிடம் (1970-க்குப் பிறகு இபிஏ என்ற சுற்றுச்சூழல் முகமையிடம்) போய் விலக்கு கேட்டு வாங்கணும். 1990-ல் சட்டத்தைத் திருத்தியபோது சாலைவண்டி அல்லாத இஞ்சின்களுக்கும் இதே மாதிரி ஒரு வழி வச்சாங்க. ரீஃபரின் நெத்தியில் இருக்கே, அந்த இஞ்சின் இந்தக் கணக்கில்தான் வரும். வண்டியை ஓட்டலையே!

1998-ல் கார்ப் டீசல் கரித்துகளை நச்சுக்காற்றுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சமயத்தில் தென் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, காற்றில் இருக்கும் நச்சுகளால் வரும் புற்றுநோய் அபாயத்தில் சுமார் 70 சதவீதம் டீசல் கரியால்தான் என்றது. இந்த எண் எல்லாரையும் உலுக்கிவிட்டது. 2000-ல் டீசல் இஞ்சின் எங்கெல்லாம் ஓடுதோ அதையெல்லாம் தேடித்தேடி விதி போடுவது என்று திட்டம் போட்டார்கள். பஸ், குப்பை லாரி, துறைமுக லாரி, ஜெனரேட்டர்... அந்தத் தேடலில் ரீஃபரும் மாட்டியது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு குளிர்க்கிடங்கு வாசலில் ராத்திரி முழுக்க முப்பது நாற்பது ரீஃபர் வரிசையா நிக்குது. எல்லாத்துலயும் இஞ்சின் ஓடுது. கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன் யாரு? வாடகை கம்மின்னு அங்கே வந்தவன்தான். தனித்தனியா பார்த்தா சின்ன இஞ்சின், ஒன்பதில் இருந்து முப்பத்தாறு குதிரைசக்திக்குள்தான். கூட்டமா நின்னா சின்னது இல்லை.

2004-ல் ரீஃபர் விதி வந்தது. அதன் அடிப்படை எளிமை: இஞ்சின் மாடல் வருஷத்தோடு ஏழைக் கூட்டு. அந்த வருஷக் கடைசிக்குள் அதைச் சுத்தமாக்கணும். 2003 மாடலுக்கு 2010 டிசம்பர் 31. சுத்தமாக்க வழி நாலைந்து. புது இஞ்சின் வை. இல்லைன்னா வாரியம் ஒப்புக்கொண்ட கரி வடிகட்டி மாட்டு. இல்லைன்னா மொத்தக் குளிர்சாதனத்தையும் மாத்து. அதுவும் வேண்டாம்னா டீசலே ஓடாதபடி கரண்ட்டில் செருகு. கலிஃபோர்னியா வண்டின்னா பதிவு பண்ணி, ஒரு அடையாள எண்ணை ரீஃபர் பக்கத்தில் பெரிசா எழுதணும், ரோட்டோரம் நிற்கிற இன்ஸ்பெக்டர் தூரத்தில் இருந்தே படிக்கிற மாதிரி. வெளிமாநில வண்டியா இருந்தாலும் கலிஃபோர்னியா மண்ணில் ஓடினா சுத்தமா இருந்தாகணும்.

இங்கதான் லாரிக்காரர்கள் சங்கம் கொதிச்சது. ரீஃபர் என்பதே மாநிலம் விட்டு மாநிலம் போகிற சாமான். கலிஃபோர்னியா இல்லாம அமெரிக்காவில் காய்கறி வியாபாரம் கிடையாது. அப்போ ஒரு மாநிலம் போட்ட விதி நாடு முழுக்கப் போட்ட விதியாத்தானே ஆகும்? 2009 ஜனவரியில் இபிஏ அனுமதி கொடுத்ததும் அமெரிக்க டிரக்கிங் சங்கம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் தோற்றது. இது கொள்கை சம்பந்தப்பட்ட வாதம், போய் காங்கிரஸிடம் சொல்லுங்க என்கிற ரீதியில் கோர்ட் அனுப்பிவிட்டது. எனக்கென்னவோ சங்கம் சொன்னது நடைமுறையில் சரி, சட்டத்தில் தப்பு என்றுதான் படுது.

ஒரு சுவையான கொசுறு. மத்திய அரசின் புகை விதிகள் 25 குதிரைசக்திக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. மேலே இருந்தா கரி ஒரு குதிரைசக்தி-மணிக்கு 0.02 கிராம் அளவுக்கு இறங்கணும். கீழேன்னா அதைவிடப் பத்துப் பதினஞ்சு மடங்கு வரை விடலாம். அந்த விதி 2013-ல் அமலுக்கு வந்ததும் என்ன ஆச்சு? புது டிரெய்லர் குளிர்சாதனங்களில் நிறைய, 25-க்கு ஒரு நூல் கீழே வந்து நின்னுடுச்சு :-) பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடி மாப்பிள்ளை எடை குறைச்ச கதை. 2022-ல் கலிஃபோர்னியா விதியைத் திருத்தி, 2023 மாடலில் இருந்து புது டிரெய்லர் ரீஃபர் இஞ்சின்கள் எந்த சக்தியா இருந்தாலும் அந்த 0.02-க்குள் இருக்கணும்னு சொல்லி ஓட்டையை அடைத்தது. மத்திய அரசின் அனுமதி 2025 ஜனவரியில்தான் வந்தது. சின்ன லாரிகளின் குளிர்சாதனம் முழுக்கப் புகையில்லாம ஆகணும் என்ற பகுதியை மட்டும், ஆட்சி மாறும் நேரம் பார்த்து, கலிஃபோர்னியாவே திரும்ப வாங்கிக்கிச்சு.

சரி, ரீஃபரில் புகை விட ஒரு இஞ்சினாவது இருக்கு. பாவாடைக்கு வருவோம்.

1970-களில் நாசாவின் டிரைடன் ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மேன் என்று ஒரு எஞ்சினியர். மொஹாவி பாலைவனத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். பெரிய லாரி ஒன்னு தாண்டிப் போகும்போதெல்லாம் காற்று முதலில் அவரைத் தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். சைக்கிள் ஓட்டின எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா அவர் விமானக் காற்றியல்காரர் ஆச்சே. இவ்வளவு காற்றைத் தள்ளிக்கிட்டு போறதுக்கு எவ்வளவு டீசல் வீணாகும்னு யோசிச்சார். ஒரு பழைய ஃபோர்டு வேனை எடுத்து, சுத்திலும் அலுமினியத் தகடு அடிச்சு, ஷூ டப்பா மாதிரி ஆக்கினாங்க. எல்லா மூலையும் கூர்மை. அப்படியே ஓட்டி அளந்தாங்க. அப்புறம் நிமிர்ந்து நிற்கும் மூலைகளை உருட்டினாங்க: காற்றுத்தடை 40 சதவீதம் காலி. படுக்கை விளிம்பையும் சேர்த்து உருட்டினாங்க: 54 சதவீதம். உள்ளே சாமான் வைக்கிற இடத்தில் போனது மூணு சதவீதம்தான்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது, எல்லாரும் மைலேஜ் பத்திப் பேசினாங்க. நாளடைவில் இழுவை வண்டிகளின் மூஞ்சி உருண்டுவிட்டது, கூரை மேல் காற்றுத் தடுப்பு முளைத்தது. பின்னாடி வந்த பெட்டி? அது அப்படியே செங்கல்லாவே இருந்தது. முப்பது வருஷம்!

நெடுஞ்சாலை வேகத்தில் சக்கரத்துக்குப் போகிற சக்தியில் ஏறக்குறைய பாதியைக் காற்றே தின்னுது. இன்னொரு பெரிய பங்கு டயர் உருளும்போது நசுங்கி நசுங்கி நிமிர்வதில் போகுது. பெட்டியின் அடியில் புகும் காற்று பின் சக்கரக் கூட்டத்தில் போய் மோதுது. பாவாடை கட்டினா அது வெளியே வழுக்கிப் போயிடும். பெட்டியின் பின்பக்கம் மொட்டையா முடிவதால் அங்கே ஒரு வெற்றிடம் பின்னாடி இழுக்குது. அங்கே மடக்குகிற மாதிரி ஒரு வால் வச்சா இழுப்பு குறையும். ராக்கெட் விஞ்ஞானம் இல்லை (கண்டுபிடிச்சது நாசா என்றாலும்). அப்புறம் ஏன் யாரும் கட்டலை?

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பெட்டி ஒருத்தருது, டீசல் காசு இன்னொருத்தருது. டிரெய்லர் பல நேரம் பெரிய போக்குவரத்துக் கம்பெனிக்கோ, சரக்கு அனுப்புகிறவருக்கோ, வாடகைக்கு விடும் கம்பெனிக்கோ சொந்தம். இழுக்கிறவர் கடன் வாங்கி ஒரு தலை மட்டும் வச்சிருக்கும் ஓட்டுனர். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் இப்படி ஓட்டுகிற பஞ்சாபி சீக்கியர்கள் நிறைய பேர். கிடங்கில் ஒரு பெட்டியைக் கழட்டி விட்டுட்டு இன்னொன்னை மாட்டிக்கிட்டு போவார். இழுவை வண்டி ஒன்னுக்கு டிரெய்லர் மூணு என்பது அங்கே பொதுவா சொல்லும் கணக்கு. ஒன்னு ஓடும், ஒன்னு ஏறும், ஒன்னு இறங்கும். பாவாடைக்குக் காசு போடவேண்டியவர் டிரெய்லர் முதலாளி, மிச்சமாகும் டீசல் ஓட்டுனர் பையில். அவர் ஏன் போடுவார்? ஓட்டுனரோ, நாளைக்கு எந்தப் பெட்டி வரும்னே தெரியாதபோது இன்னொருத்தர் பெட்டிக்குச் செலவு செய்வாரா? வாடகைக்கு விட்ட வீட்டுக்கு ஓனர் எல்.இ.டி. பல்பு வாங்கிப் போடுவாரா, அந்தக் கதைதான்.

இபிஏ 2004-ல் ஸ்மார்ட்வே என்று ஒரு திட்டம் ஆரம்பிச்சது. எந்தப் பாவாடை, எந்த டயர் எவ்வளவு மிச்சம் பண்ணும்னு சோதிச்சு முத்திரை குத்தும். கட்டாயம் எதுவும் இல்லை, விருப்பப்பட்டவங்க சேரலாம். 2006-ல் அர்னால்டு ஸ்வார்ஸநெகர் கவர்னரா இருந்தபோது கலிஃபோர்னியா பருவநிலைச் சட்டம் (ஏபி 32) கொண்டுவந்தது. அதன் கீழ் 2008 டிசம்பரில் கார்ப் செஞ்சது ஒரு குறும்பு என்றே சொல்லலாம். மத்திய அரசின் விருப்பத் திட்டத்தை அப்படியே எடுத்து, "இது இங்கே கட்டாயம்" என்றுவிட்டது.

விதி இதுதான். 53 அடியோ அதுக்கு மேலேயோ உள்ள மூடிய பெட்டி டிரெய்லர், கலிஃபோர்னியா நெடுஞ்சாலையில் ஓடினால், எந்த மாநிலத்தில் பதிவு செய்திருந்தாலும், ஒப்புக்கொள்ளப்பட்ட காற்றுத்தடுப்பும் குறைந்த உருள்தடை டயரும் இருக்கணும். காய்ஞ்ச பெட்டின்னா குறைந்தது 5 சதவீதம் எரிபொருள் மிச்சம் காட்டணும், ரீஃபர்னா 4 (நெத்தியில் குளிர்சாதனம் இருப்பதால் அங்கே முன்தகடு வைக்க வழியில்லை). 2011 மாடலில் இருந்து புதுசுக்கு 2010 ஜனவரியிலேயே அமல். பழசுக்கு 2013 வரை தவணை, பெரிய கம்பெனி சின்னக் கம்பெனின்னு பார்த்துப் படிப்படியா ஏறும் அட்டவணையும் உண்டு. டேங்கர், தட்டை வண்டி, கண்டெய்னர் சட்டம், கார் ஏத்துற வண்டி இதெல்லாம் விதியில் இல்லை. சொந்த ஊரில் இருந்து 100 மைல் சுற்றளவுக்குள் ஓடுகிற பெட்டிக்கும் சலுகை. ஏன்னா மெதுவா ஊருக்குள் ஓடினா பாவாடையால் பெரிய பலன் இல்லை, காற்றுத்தடை வேகத்தோடு சேர்ந்துதான் ஏறும்.

தப்பு நடந்தா யார் பொறுப்பு? இதில் கார்ப் கெட்டிக்காரத்தனம் காட்டியது. ஓட்டுனர், இழுவை வண்டி உரிமையாளர், டிரெய்லர் உரிமையாளர், போக்குவரத்துக் கம்பெனி, கலிஃபோர்னியாவில் இருக்கிற புரோக்கர், சரக்கு அனுப்புகிறவர்னு சங்கிலியில் உள்ள எல்லாரையும் இழுத்து விட்டது. பெட்டி என்னுது இல்லைன்னு யாரும் நழுவ முடியாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எடைமேடையில் வண்டியை நிறுத்தும்போது அங்கே நிக்கிறது யாரு? ஓட்டுனர் ஒருத்தர்தான். அரிசோனாவில் யாரோ கையில் கொடுத்த பெட்டிக்கு இவர் பதில் சொல்லணும். இவர் பாடு திண்டாட்டம்தான். பெரிய கம்பெனிக்கு பாவாடை கட்டினதை மேற்கேயும் கட்டாததைக் கிழக்கேயும் ஓட்ட முடியும். ரெண்டு மூணு டிரெய்லர் வச்சிருக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. சொந்த வண்டி ஓட்டுனர்களின் சங்கம் எதிர்த்ததில் நியாயமே இல்லைன்னு என்னால் சொல்ல முடியலை. எதிர்ப்பையெல்லாம் தாண்டி இபிஏ 2014 ஆகஸ்டில் இந்த விதிக்கு விலக்கு கொடுத்தது.

இதற்கிடையில் சந்தை தன் வேலையைச் செஞ்சது. கலிஃபோர்னியா பக்கம் போகாம யாராலும் இருக்க முடியாததால், வாங்கும்போதே பாவாடையோடு வாங்க ஆரம்பிச்சாங்க. செய்கிறவங்க பெருகினாங்க, விலை இறங்கியது. உடையாம வளையும் பிளாஸ்டிக் பாவாடை வந்தது. பின்பக்க வால் மட்டும் அவ்வளவா நிலைக்கலை. கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் மடக்கணும், கிளம்பும்போது விரிக்கணும், கிடங்கு மேடையில் இடிச்சா நசுங்கும்.

இந்தத் தைரியத்தில்தான் மத்திய அரசு 2016 அக்டோபரில், கனரக வண்டிகளுக்கான இரண்டாம் கட்ட விதிகளில், முதன்முறையாக டிரெய்லரையும் சேர்த்தது. ஆனா கலிஃபோர்னியா பிடிச்ச மாதிரி ரோட்டில் பிடிக்கலை. டிரெய்லர் செய்கிற ஃபேக்டரியைப் பிடிச்சது. அதுவும் புகைக்கு இபிஏ, மைலேஜுக்கு சாலைப் பாதுகாப்பு முகமை என்று ரெண்டு பேர் சேர்ந்து. டிரெய்லர் உற்பத்தியாளர் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2017-ல் இபிஏ பகுதிக்குத் தடை, 2020-ல் மற்றதுக்கும் தடை. 2021 நவம்பர் 12 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரெண்டையும் ரத்து செய்தது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜஸ்டின் வாக்கர். வாதம் ஒரே ஒரு சொல்லில் நிக்குது. காற்றுத் தூய்மைச் சட்டப்படி மோட்டார் வாகனம் என்றால் தானே தன்னை ஓட்டிக்கொள்வது. டிரெய்லரில் மோட்டார் இல்லை, தானே ஓடாது, ஆகவே அது மோட்டார் வாகனம் இல்லை. இபிஏவின் பதில் வாதம்: இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்ததுதான் ஒரு வண்டி, டிரெய்லர்காரர் அதில் பாதியைச் செய்கிறார். கோர்ட் ஏத்துக்கலை. மைலேஜ் விஷயத்திலும் அதே கதை: எரிபொருளே குடிக்காத சாமானுக்கு மைலேஜ் ஏது? இந்த ரெண்டாவது பாதியில் மட்டும் நீதிபதி பட்ரீசியா மில்லெட் மாறுபட்டார்.

இயற்பியல் பக்கம் நின்னு பார்த்தா இபிஏ சொன்னதுதான் சரி. ஷூ டப்பா வேனில் 1970-களிலேயே அளந்தாச்சே. ஆனா 1914-ல் கொல்லர் பட்டறையில் பிறந்த வண்டியை சட்டம் இன்னும் குதிரை இல்லாத வண்டியாத்தான் பார்க்குது. வார்த்தையை எழுதினவங்க காங்கிரஸ், மாத்தணும்னாலும் அவங்கதான் மாத்தணும். தீர்ப்பில் எனக்குக் கோபம் வரலை, வருத்தம்தான்.

கலிஃபோர்னியாவும் 2018-ல் மத்திய விதியைப் பார்த்துத் தன் இரண்டாம் கட்ட டிரெய்லர் விதியை எழுதியிருந்தது, 2020 மாடலில் இருந்து என்று. வழக்கு ஓடியதால் அதை அமல்படுத்தாமல் நிறுத்தி வைத்தது. 2008-ல் போட்ட பழைய விதி, ரோட்டில் ஓடுகிறவரைப் பிடிக்கிற விதி, அது தொடர்ந்தது. 2025 ஜூன் 12 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட தீர்மானங்கள் கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்த மூன்று விலக்குகளை ரத்து செய்தன. புகையில்லா கார், புகையில்லா லாரி, கனரக இஞ்சின் நைட்ரஜன் ஆக்சைடு பற்றியவை அவை. டிரெய்லர் பாவாடை அந்தப் பட்டியலில் இல்லை. அன்றைக்கே கலிஃபோர்னியா வழக்குப் போட்டது. 1967-ல் டிங்கலும் மர்ஃபியும் ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியலை.

இதைப் படிக்கிறவங்களில் அந்தப் பக்கம் டிரக் ஓட்டுறவங்களோ, டிரெய்லர் வாடகைக்கு விடுறவங்களோ யாராவது இருந்தா எனக்கு ஒன்னு தெரியணும். பாவாடை கட்டினதில் மிச்சமான டீசல் காசு கடைசியில் யார் கணக்கில் சேர்ந்தது? வாடகையில் ஏத்திட்டாங்களா, இல்லை ஓட்டுனர் கையிலேயே நின்னுச்சா? பின்னூட்டத்தில் எழுதுங்க.